பால் மறந்த வெண்பன்றிக் குட்டிகள் எடை ஏறவில்லை, கழிச்சலும் நிற்கவில்லை: தீவனத்தில் என்ன மாற்றலாம்?

ராசிபுரம் பண்ணை (கேட்டவர்):
வணக்கம். சிறிய வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன், எல்லாம் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர். குட்டிகளை 42 நாளில் தாயிடமிருந்து பிரிக்கிறேன். பிரிக்கும்போது 9 கிலோ இருந்த குட்டி, மூன்று வாரம் கழித்தும் 11 கிலோவைத் தாண்டவில்லை. பிரித்த ஒரு வாரத்திலேயே மஞ்சளாகத் தண்ணீர்க் கழிச்சல் ஆரம்பித்துவிட்டது. முடி சிலிர்த்து, முதுகெலும்பு தெரிகிறது. இரண்டு குட்டிகள் இறந்தும் போயின.

தீவனம் நானே அரைப்பதுதான். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 40, சோயா புண்ணாக்கு 35, கடலைப் புண்ணாக்கு 10, அரிசித் தவிடு 13, தாது உப்பு 2. எடை தேறட்டும் என்று சோயாவை 30இலிருந்து 35 ஆக்கினேன், பலன் இல்லை. புரதத்தை இன்னும் கூட்டலாமா? டானிக் ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:
தீவனத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் சில கேள்விகள். ஆசனவாயில் வைத்துப் பார்த்த காய்ச்சல் எவ்வளவு? காது, வயிறு, தொடையில் தோல் ஊதா நிறமாக மாறியதா? இறந்த குட்டிகள் சாவதற்கு முன் எப்படி இருந்தன? ஓட்டல் கழிவு போடுகிறீர்களா? பெரிய பன்றிகள் எதுவும் படுத்திருக்கிறதா?

ராசிபுரம் பண்ணை:
காய்ச்சல் 39.5 டிகிரி செல்சியஸ் பக்கம்தான் இருக்கிறது. தோல் நிறம் மாறவில்லை. இறந்த இரண்டுக்கும் கண் இமை வீங்கி, நடை தள்ளாடியது, மறுநாள் இறந்துவிட்டன. இரண்டும் கூட்டத்தில் நன்றாகச் சாப்பிட்ட குட்டிகள். ஓட்டல் கழிவு போடுவதில்லை. தாய்களுக்கு கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் (பன்றிகளுக்கு வரும் வைரஸ் காய்ச்சல்) தடுப்பூசி போட்டாயிற்று, குட்டிகளுக்கு இரண்டு மாதத்தில் போடச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய பன்றிகள் நன்றாக இருக்கின்றன.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:
சரி. காய்ச்சல் 41ஐத் தொட்டு, தோல் சிவந்து, பெரிய பன்றியும் படுத்திருந்தால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலையும் கிளாசிக்கலையும் நினைத்து, ஒரு உயிரைக்கூட வெளியே அனுப்பாமல் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லச் சொல்லியிருப்பேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் இந்தியாவுக்குள் வந்தது, அதற்கு மருந்து கிடையாது. நீங்கள் சொல்வது அதுபோல் தெரியவில்லை.

கண் இமை வீக்கம், தள்ளாட்டம், அதுவும் நன்றாகத் தின்ற குட்டியே சாவது, கூடவே பால் மறந்தபின் கழிச்சல். இது பெரும்பாலும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. சில வகை ஈ.கோலை கழிச்சலை மட்டும் உண்டாக்கும், சில வகை நச்சை உமிழ்ந்து வீக்க நோயைக் கொண்டுவரும். உறுதி செய்ய, ஆன்டிபயாட்டிக் கொடுக்காத ஒரு குட்டியின் மலக்குடலில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்று இறந்தால் அழுக விடாமல் உடனே கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்பதையும் அங்கேயே பார்த்துச் சொல்வார்கள்.

இனி உங்கள் கேள்வி. புரதத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். உங்கள் கலவையில் இப்போதே 25 சதவீதம் வருகிறது. தாயைப் பிரிந்த ஓரிரு நாள் குட்டி சரியாகத் தின்னாது, அதிலேயே சிறுகுடலின் உறிஞ்சிகள் தேய்ந்து குட்டையாகிவிடும். அந்தக் குடலில் 35 சதவீத சோயாவைத் தள்ளினால் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அழுகும். அந்த அழுகல்தான் கிருமிக்குத் தீனி.

உடம்பு நோயோடு மல்லுக்கட்டும்போது பசி தானாகவே குறையும். தின்ற கொஞ்சமும் சதைக்குப் போகாது. நோய் எதிர்ப்புப் புரதம் செய்ய, குடலின் சளிப்படலத்தைப் புதுப்பிக்க என்று போகும். போதாததற்குத் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். முதுகெலும்பு தெரிவது அதனால்தான். அந்த நேரத்தில் குட்டிக்குத் தேவை மொத்தப் புரதம் அல்ல, புரதத்தைக் கட்டும் கற்களான அமினோ அமிலங்களில் குறிப்பிட்ட சில. குடல் சளியில் திரியோனின் அதிகம், அதனால் அது கூடுதலாகச் செலவாகும். மெத்தியோனினும் டிரிப்டோபனும் அப்படியே. தீவனத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் 100 பங்கு என்றால் திரியோனின் வழக்கமாக 60 முதல் 62 வரை போதும், நோய் உள்ள கொட்டகையில் 65 முதல் 70 வரை வையுங்கள்.

முதல் இரண்டு நாள் தீவனத்தைப் பாதியாக்கி, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வீக்க நோயில் வயிறு முட்டத் தின்னும் குட்டிதான் முதலில் போகும். தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது. ஓஆர்எஸ் கரைசல் தனித் தொட்டியில் இருக்கட்டும்.

மோகனூர் விவசாயி:
அண்ணே, கடையில் கோலிஸ்டின்னு ஒரு ஆன்டிபயாட்டிக் பொடி கேட்டு வாங்கித் தண்ணீரில் போடுங்க. எங்க ஊர்ல எல்லாரும் அதுதான் போட்டாங்க, மூணே நாள்ல நின்னுது.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:
தயவுசெய்து வேண்டாம். உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் 2019 ஜூலையிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கு வேறு மருந்து கேட்காதபோது கொடுக்கும் கடைசி மருந்துகளில் அது ஒன்று. சிலர் துத்தநாக ஆக்சைடைக் கிலோ கணக்கில் போடச் சொல்வார்கள். கழிச்சல் குறையும், உண்மைதான். ஆனால் சாணத்தோடு மண்ணில் சேர்ந்து தங்கிவிடும், மருந்துக்கு அடங்காத கிருமியும் பெருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதை மருந்தாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்தபின், உங்கள் டாக்டர் எழுதிக் கொடுப்பதை மட்டும் கொடுங்கள்.

தீவனம் அரைப்பவர், ஈரோடு:
டாக்டர் சொன்னதை வைத்து ஒரு கலவை: மக்காச்சோளம் 60, சோயா 22, உப்பில்லாத மீன் தூள் 5, கோதுமைத் தவிடு 8, எண்ணெய் 2, தாது உப்பு 2. மீதி ஒரு கிலோவில் லைசின் 300 கிராம், திரியோனின் 150, மெத்தியோனின் 100, உப்பு 300, வைட்டமின் கலவை. புரதம் 19 சதவீதத்தை ஒட்டி நிற்கும். கருவாட்டுத் தூள் போட்டால் தனியாக உப்பே வேண்டாம். உப்பு மிஞ்சி, தண்ணீரும் குறைந்தால் குட்டி வலிப்பு வந்து விழும், அதையும் வீக்க நோய் என்று நினைத்துவிடுவோம்.

கடலைப் புண்ணாக்கை இந்த வயதுக்கு நிறுத்திவிடுங்கள். பூஞ்சை நச்சு ஏறியிருந்தால் கல்லீரலும் போகும், நோய் எதிர்ப்பும் போகும். அரிசித் தவிடு சீக்கிரம் சிக்கடிக்கும். கோதுமைத் தவிட்டைக் கொஞ்சம் கரகரப்பாக விடுங்கள், ரொம்ப நைசாக அரைக்க வேண்டாம். எடைக்காகச் சுண்ணாம்புக்கல் தூளை அள்ளிப் போடும் பழக்கமும் வேண்டாம். அது வயிற்று அமிலத்தை முறித்துவிடும், கிருமியைக் கொல்வதே அந்த அமிலம்தான்.

கொல்லிமலை அடிவாரம்:
தீவனம் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். தரை எப்படி? இரவில் போய்ப் பாருங்கள். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தால் குளிர் என்று அர்த்தம். பத்து கிலோ குட்டிக்குப் படுக்கும் இடத்தில் 27, 28 டிகிரி வேண்டும். ஈரமான சிமென்ட் தரையில் படுத்தால் தின்றதெல்லாம் உடம்பைச் சூடாக்கவே போய்விடும். காய்ந்த வைக்கோல் போட்டு ஒரு மூலையில் பல்ப் கட்டுங்கள். தினமும் மொத்தக் கொட்டகையையும் கழுவி ஈரமாகவே வைத்திருப்பதைவிட, சாணத்தை அள்ளிவிட்டுக் காய விடுவது மேல். நிப்பிளில் தண்ணீர் ஒரு நிமிடத்துக்கு அரை லிட்டராவது வருகிறதா என்று டம்ளர் வைத்துப் பாருங்கள்.

ராசிபுரம் பண்ணை:
எல்லோருக்கும் நன்றி. பரிசோதனையில் ஈ.கோலைதான் என்று வந்தது. டாக்டர் எழுதிய மருந்தை ஐந்து நாள் கொடுத்தேன், கலவையையும் மாற்றிவிட்டேன், வைக்கோலும் பல்பும் போட்டாயிற்று. அதன்பின் சாவு இல்லை. மலம் கெட்டியாகிவிட்டது, தொட்டியைத் தேடி வருகின்றன. நான்கு குட்டிகள் மட்டும் இன்னும் வற்றியே இருக்கின்றன. அவற்றை அடுத்த ஈற்றுக் குட்டிகளோடு சேர்த்துவிட்டால் போட்டியில்லாமல் தின்னும் அல்லவா? தடுப்பூசி எப்போது போடலாம்?

கால்நடை மருத்துவர், நாமக்கல்:
சேர்க்காதீர்கள். தின்பதற்கு எளிதாக இருக்கலாம், ஆனால் அந்த நான்கும் கிருமியை இன்னும் கழித்துக்கொண்டிருக்கும். தனி அறையில் வைத்து, கடைசியாகத் தீவனம் போடுங்கள், அங்கே போட்ட செருப்போடு சின்னக் குட்டிகளிடம் போக வேண்டாம். இரண்டு வாரத்தில் தேறாவிட்டால், தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா, உடம்பு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குட்டிகளை வற்ற வைக்கும் சர்க்கோ வைரஸுக்கும் பரிசோதிக்க வேண்டும். சாணத்தில் புழு முட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தேறிய குட்டிகள் ஒரு வாரம் நன்றாகத் தின்றபின் கிளாசிக்கல் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள், இனியும் தள்ள வேண்டாம். அடுத்த ஈற்றுக்கு, பிறந்த 15 நாளிலிருந்தே இந்தக் கலவையைக் கைப்பிடி அளவு குட்டிகளுக்கு மட்டும் எட்டும்படி வையுங்கள். பிரிக்கும் நாளில் தீவனம் அவற்றுக்குப் பழகியிருக்கும். அறை காலியானதும் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு வாரம் காயப் போட்டபின் அடுத்த கூட்டத்தை ஏற்றுங்கள்.

ராசிபுரம் பண்ணை:
சரிங்க டாக்டர். நான்கையும் இன்றே பிரித்துவிட்டேன். சாண மாதிரி நாளைக் காலையில் கொண்டுபோகிறேன், முடிவை இங்கே போடுகிறேன்.