புதுப்பிப்பு: ஹண்டிங்டன் நோயும் ராகிக் களியும்

ஹண்டிங்டன் என்பது மூளை நரம்பு செல்களைப் படிப்படியாகச் சிதைக்கும் பரம்பரை நோய், உடல் அசைவு கட்டுப்பாட்டை இழக்கும். போன பதிவில் இந்த நோய் உள்ளவர்களுக்கான பேச்சுப் பயிற்சியை மட்டும் சொல்லியிருந்தோம். அவர்களுக்குக் களி கொடுக்கலாமா என்று கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

களி உருண்டையை மெல்லாமல் விழுங்குவதுதான் நம் பழக்கம். இந்த நோயில் நாக்கும் தொண்டையும் நேரம் தவறி அசையும். ஒட்டும் உருண்டை தொண்டையிலேயே அடைத்துவிடலாம். அதே ராகியைக் கட்டியில்லாத கூழாக, கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழியும் பதத்தில் கொடுங்கள். சரியான பதத்தை, விழுங்குவதையும் கவனிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்வார். நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய்க்கு ஒரு டீஸ்பூன், விழுங்கியபின்தான் அடுத்தது. டிவியை அணைத்துவிடுங்கள். தண்ணீர் குடித்ததும் குரல் களகளவென்று கேட்டால் சளி என்று விட்டுவிடாதீர்கள், விழுங்கல் பரிசோதனை அவசியம்.

பேச்சில், நோயாளி ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு சொல் சொன்னால் போதும். பதில் வரத் தாமதமாகும். நீங்களே வாக்கியத்தை முடித்துவைக்காதீர்கள். பேச்சு தெளிவாக இருக்கும்போதே அவர் குரலைப் பதிந்து வையுங்கள், பிறகு பேச முடியாமல் போனால் கருவி வழியாகப் பயன்படுத்தலாம்.