எக்ஸ்எஸ்எல்டி: கீ() கேட்டால் காலியாகவே வருது, பிழைச்செய்தியும் இல்லை

கேள்வி
வணக்கம். எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில் 1.0 பதிப்பு மட்டும்தான் கையில் இருக்கு. நூல்கள் ஒரு கோப்பில், ஒவ்வொரு நூலிலும் ஆசிரியர்எண் என்ற அட்ரிபியூட். பெயர்கள் எல்லாம் ஆசிரியர்கள் கோப்பில். ஸ்டைல்ஷீட்டின் மேல்மட்டத்தில் கீ (ஒரு மதிப்பை வச்சு உறுப்பைத் தேட உதவும் அட்டவணை) அறிவிச்சிருக்கேன்: நேம் 'ஆசி', மேட்ச் 'ஆசிரியர்', யூஸ் '@எண்'. நூல் டெம்ப்ளேட்டுக்குள்ளே:

கீ('ஆசி', @ஆசிரியர்எண்)/பெயர்

பெயர் வரவேண்டிய இடம் வெறிச்சுன்னு இருக்கு. இரண்டையும் ஒரே கோப்பில் ஒட்டினால் சரியா வருது! டேக்குகளைத் தமிழில் வச்சதுதான் வினையா?

பதில் 1
பாவம், தமிழ் டேக் மேல பழி போடாதீங்க. எக்ஸ்எம்எல் அதைத் தாராளமா ஏத்துக்கும். ஒட்டினால் வருதுன்னு சொன்னீங்களே, விடை அங்கேயே இருக்கு. 1.0இல் கீ() தேடுவது கான்டெக்ஸ்ட் நோடு (அந்த நேரத்தில் ஸ்டைல்ஷீட் நிற்கும் இடம்) இருக்கும் ஆவணத்துக்குள் மட்டும். நீங்க நிற்பது நூல்கள் கோப்பில். அங்கே ஆசிரியரே கிடையாது. தேடியது கிடைக்கலைன்னா பிழை வராது, வெற்று நோடு-செட்தான் வரும். வேறு கோப்பைத் திறக்கும் டாக்குமென்ட்('ஆசிரியர்கள்.எக்ஸ்எம்எல்') என்பதை ஒரு ஃபார்-ஈச்சின் (தேர்ந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்யும் கட்டளை) செலக்ட்டில் கொடுத்து, கீ()யை அதற்குள் எழுதுங்க.

கேட்டவர்
எழுதினேன். இப்பவும் காலி.

பதில் 2
உள்ளேயும் @ஆசிரியர்எண் என்றே விட்டிருப்பீங்க. ஃபார்-ஈச்சுக்குள் போனதும் நீங்க நிற்பது இன்னொரு ஆவணத்தின் ரூட்டில். அதுக்கு ஏது அட்ரிபியூட்? இப்போதைய நோடைத் தரும் கரன்ட்() போட்டுத் தப்பிக்கலாம்னு பார்க்காதீங்க, அதுவும் கூடவே மாறிடும். (நான் அப்படித்தான் ஒரு ராத்திரியைத் தொலைச்சேன்.) ஃபார்-ஈச்சுக்கு முன்னாடியே எண்ணை ஒரு வேரியபிளில் எடுத்து வச்சு, அதைக் கீ()க்குக் கொடுங்க.

பதில் 3
2007இல் வந்த 2.0இல் இந்தச் சுற்றுவழியே வேண்டாம். கீ()க்கு மூன்றாவது ஆர்க்யுமென்டாக அந்த டாக்குமென்ட்()ஐக் கொடுத்தால் போதும், கான்டெக்ஸ்ட் அசையாது. உங்களுக்கு இப்போ உதவாது, பின்னால் தேடி வருபவருக்காகச் சொல்லி வைக்கிறேன்.

கேட்டவர்
வேரியபிள் போட்டதும் வந்துடுச்சு, நன்றி! இரண்டே இரண்டு ஆசிரியர் மட்டும் இன்னும் வரலை.

பதில் 2
எண்ணின் முன்னால் பின்னால் ஸ்பேஸ் ஒட்டியிருக்கா பாருங்க. கீ எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும். யூஸில், ஓரத்து ஸ்பேஸை நீக்கும் நார்மலைஸ்-ஸ்பேஸ்(@எண்) போடுங்க, வேரியபிளுக்கும் அதேபோல.

கேட்டவர்
ஆமாங்க, இரண்டிலும் கடைசியில் ஒரு ஸ்பேஸ். இப்போ எல்லாரும் வந்துட்டாங்க.