ஒரு பக்கம் ஜில்லென்று, மறுபக்கம் வெதுவெதுவென்று: இரட்டை மண்டல ஏசியில் பட்ட அனுபவங்கள்

ஓட்டுநர் பக்கத்துக்கும் அடுத்த இருக்கைக்கும் தனித்தனியாக வெப்பநிலை வைக்கும் இரட்டை மண்டல ஏசி உள்ள காரில், நானும் அம்மாவும் அருகருகே அமர்ந்து போகிறோம். அம்மா சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். எனக்கோ சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. திரை இரண்டு பக்கமும் 22 டிகிரி என்றுதான் காட்டுகிறது. அவர் பக்கத்துத் துவாரத்தில் கை வைத்தால் விரல் விறைக்கிறது. என் பக்கத்தில் வெறும் மின்விசிறிக் காற்று. மூன்று மாதம் இந்தப் பாடு பட்டபிறகு இப்போதுதான் தீர்ந்தது. இதே தொல்லையில் இருப்பவர்கள் வீணாக டாஷ்போர்டைக் கழற்றக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதிவைக்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

முதலில் சுலபமானதைச் செய்தேன். கேபின் ஃபில்டரை உருவிப் பார்த்தால், சருகும் தூசியும் அடைந்து பழைய கம்பளித் துண்டுபோல இருந்தது. புதியது போட்டதும் இரு பக்கமும் காற்றின் வேகம் கூடியது. குளிரில் இருந்த வேறுபாடு அப்படியே நின்றது.

பிறகு ஒரு பணிமனைக்குப் போனேன். பார்த்தவர் துவாரத்தில் உள்ளங்கையை வைத்தார், "ஃபிளாப் மோட்டார் போய்விட்டது" என்றார். குளிர், சூடு காற்றைக் கலக்கும் தடுப்புக் கதவைத் திருப்பும் மோட்டார் அது. கோளாறு காட்டும் ஸ்கேனரும் மாட்டவில்லை, கேஸின் அழுத்தம் காட்டும் கேஜும் மாட்டவில்லை. பாதி டாஷ்போர்டு கழன்று, இரண்டு நாள் போய், புது மோட்டார் ஏறியது. வீடு திரும்பும் வழியிலேயே தெரிந்துவிட்டது, பழைய நிலைதான். மறுபடி போய்ச் சொன்னபோது, "இரட்டை மண்டலம் என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அப்படி இருக்கவே கூடாது.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. பேனாபோல நீண்ட முனையுள்ள இரண்டு தெர்மாமீட்டர்களை நடுத் துவாரங்களில் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகினார். இரு பக்கத்தையும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு வைத்து, எஞ்சினைச் சீரான வேகத்தில் ஓடவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார். அம்மா பக்கம் 7 டிகிரி, என் பக்கம் 17. அடுத்து இரு பக்கத்தையும் உச்சச் சூட்டுக்குத் திருப்பினார். இரண்டிலும் ஒரே அளவில் அனல் வந்தது. "மோட்டார் இரண்டும் சொன்னபடி கேட்கின்றன. அடுத்து கேஸைப் பார்க்கலாம்" என்றார்.

பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த அட்டையில், இருக்க வேண்டிய ஏசி கேஸ் 550 கிராம் என்று இருந்தது. இயந்திரத்தை மாட்டி வெளியே எடுத்தபோது வந்தது 310 கிராம்தான். காரின் முன்பக்கம் கேஸைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரின் கீழ் மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கும் அதில் அப்பிய தூசியும். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் கசியும், அந்தக் கறைதான் அடையாளம் என்று விளக்கைப் பிடித்துக் காட்டினார். கண்டென்சரும், கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் மாறின. உள்ளிருந்த காற்றை உறிஞ்சி வெளியேற்ற 45 நிமிடம் வேக்குவம் பிடித்து, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, எடை போட்டு 550 கிராம் ஏற்றினார். இப்போது அம்மா பக்கம் 6, என் பக்கம் 7.

*

தம்பி, நீங்கள் பார்த்த இரண்டாவது ஆள் தொழில் தெரிந்தவர். இருபது ஆண்டுக்கு மேலாக ஏசி வேலைதான் செய்கிறேன். இரட்டை மண்டலத்தில் ஒரு பக்கம் குளிரவில்லை என்று வரும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது கேஸ் குறைவைத்தான். கேஸ் குறைந்தால் இரண்டு பக்கமும்தானே குளிர் குறைய வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

டாஷ்போர்டுக்குள் கூலிங் காயில் ஒன்றுதான் இருக்கிறது. கம்ப்ரஸரும் ஒன்றுதான். காயிலைத் தாண்டிய காற்றைத்தான் நடுவில் ஒரு தடுப்பு இரண்டாகப் பிரிக்கிறது. அதன்பின் பக்கத்துக்கு ஒரு ஃபிளாப் இருந்து, எவ்வளவு காற்று ஹீட்டர் வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறது. ஆக, காயிலின் ஒரு பாதியைத் தொட்டு வரும் காற்று ஒருவருக்கு, மறுபாதியைத் தொட்டு வருவது மற்றவருக்கு.

காயிலில் குளிரைத் தருவது திரவம் ஆவியாகும் அந்த நிகழ்வுதான். பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸில் ஒரு கிராம் திரவம் ஆவியாக ஏறத்தாழ 200 ஜூல் வெப்பத்தை உறிஞ்சும். ஆவியாகி முடிந்துவிட்டால், அதே ஒரு கிராம் ஒரு டிகிரி சூடேற ஒரு ஜூல்கூட எடுத்துக்கொள்ளாது. கேஸ் குறைவாக இருக்கும்போது உள்ளே வருகிற திரவம் முழுவதும் நுழைவாயிலுக்கு அருகிலேயே ஆவியாகிவிடுகிறது. மிச்சக் காயிலில் வெற்று ஆவிதான் ஓடும். அந்தப் பாதி யார் பக்கம் விழுகிறதோ அவருக்கு வேர்க்கும். ஒற்றை மண்டல வண்டியில் இரண்டு பாதிக் காற்றும் கலந்துவிடுவதால், 'கொஞ்சம் குளிர் போதவில்லை' என்பதோடு போய்விடும்.

இன்னொன்று. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேஜை மாட்டி, "பிரஷர் சரியாக இருக்கிறது" என்று சொன்னால் நம்பாதீர்கள். வண்டி 30 டிகிரியில் ஆறி நிற்கும்போது ஆர்-134ஏ காட்டுவது 100 பிஎஸ்ஐக்குச் சற்றுக் கீழே. உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும்வரை, 300 கிராம் இருந்தாலும் 550 கிராம் இருந்தாலும் அதே எண்தான் வரும். தராசு மட்டும்தான் உண்மை சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு 'டாப் அப்' செய்வதும் தவறு. அளவு மிஞ்சினால் கம்ப்ரஸருக்குச் சுமை ஏறிக் குளிரும் குறையும்.

*

அண்ணா, என் காரில் நேர் எதிராக நடந்தது. கேஸ் அளவு கச்சிதமாக இருந்தது, கெட்டது மோட்டார்தான். ஆனால் அது சத்தம் போட்டுச் சொன்னது. வண்டியைக் கிளப்பியதும் டாஷ்போர்டுக்குப் பின்னால் டிக், டிக், டிக் என்று பத்து விநாடி. பிறகு அமைதி. பக்கத்து இருக்கையின் வெப்பநிலையை எங்கே வைத்தாலும் ஒரே சூடு. நீங்கள் சொன்ன உச்சச் சூட்டுச் சோதனையைச் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்: குளிருக்கும் சூட்டுக்கும் அந்தப் பக்கம் அசையவே இல்லை.

என் காரில் அந்த மோட்டார் கீழிருந்தே கைக்கு எட்டும். மூன்று திருகுகள். கழற்றிவிட்டு ஃபிளாப்பின் தண்டை விரலால் திருப்பினேன். ஒரு பக்கம் திருப்பினால் அனல், மறுபக்கம் திருப்பினால் கண்ணில் நீர் வரும் அளவுக்குக் குளிர். ஃபிளாப் நன்றாக இருக்கிறது, திருப்புகிறவன்தான் கெட்டுப்போனான் என்பது அந்த நொடியில் உறுதியானது. மோட்டாரைத் திறந்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரம். அதில் இரண்டு பற்கள் மழுங்கிக் கிடந்தன.

அதற்கு ஓராண்டு முன்பு பேட்டரி மாற்றியபோதும் ஒரு பக்கம் குளிராமல் போனது. அது பழுது இல்லை. மின்சாரம் அறுந்ததில் ஃபிளாப் எங்கே நிற்கிறது என்பதை ஏசியின் கணினி மறந்துவிட்டது. கையேட்டில் சொன்னபடி மறுசீரமைப்புச் செய்ததும் சரியாகிவிட்டது. ஒவ்வொரு காருக்கும் முறை வேறு, கையேட்டைப் பாருங்கள். அது ஓடி முடியும்வரை ஏசி பொத்தான்களைத் தொடக் கூடாது.

*

சின்னதாக ஒன்று. டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடிக்கு அருகே, பொட்டுப்போல ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். அது வெயில் சென்சார். சில கார்களில் அது எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று பிரித்தறிந்து, அந்தப் பக்கம் குளிரைக் கூட்டும். வெயிலுக்கு அழகான துணி விரிப்பு வாங்கிப் போட்டேன், அது குமிழைப் பாதி மூடிவிட்டது. தானியங்கி முறையில் என் மனைவியின் பக்கம் மட்டும் குளிர் குறைந்தது. இரு பக்கத்தையும் மிகக் குறைந்த அளவுக்குத் தள்ளினால் வேறுபாடு மறைந்தது, அதுதான் துப்பு. விரிப்பை எடுத்தேன், முடிந்தது.

*

என் பழைய காரில் அறிகுறி இருக்கையில் கிடந்தது. ஏசி போட்டதும் துவாரத்திலிருந்து கறுப்பாகத் துகள் பறந்துவந்து மடியில் விழும். விரலில் எடுத்துத் தேய்த்தால் பிசுபிசுவென்று மையாகும். ஃபிளாப்பின் ஓரத்தில் ஒட்டிய ஃபோம் வயதாகி உதிர்ந்துகொண்டிருந்தது. ஃபிளாப் முழுதாக மூடினாலும் இடுக்கு வழியாக ஹீட்டரின் சூடு கசிந்து கலந்தது. உறுதி செய்ய, எஞ்சின் ஆறியிருந்தபோது ஹீட்டருக்குப் போகும் தண்ணீர்க் குழாயை அதற்கென்றே உள்ள மழுங்கிய கவ்வியால் மெக்கானிக் இறுக்கினார். பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்தோம். இரு பக்கமும் ஒன்றுபோலக் குளிர்ந்தது. பழைய ரப்பர் குழாய் வெடித்துவிடக்கூடும், ஆகவே பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

*

எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன கூலிங் காயில் விளக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியானால் நல்ல பாதி என் பக்கம் விழுந்திருக்கிறது" என்றார்.

கழற்றிய பழைய மோட்டார் நன்றாக இருந்ததா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இரண்டாவது மெக்கானிக் அதன் பற்களைத் திறந்து பார்த்தார், ஒன்றுகூடத் தேயவில்லை. அதைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு தெர்மாமீட்டர்களை நானே வாங்கி காரிலேயே வைத்துக்கொண்டேன். மாதத்துக்கு ஒருமுறை, அதே பத்து நிமிடம், அதே வேகம், இரு பக்கமும் அளந்து குறித்துவைக்கிறேன். போன மாதம் 6, 7. நேற்று 7, 7. நேற்று வெளியே வெயில் கூடுதல், அதனால் அந்த ஒரு டிகிரியைப் பற்றிக் கவலைப்படவில்லை. இடைவெளி 3 டிகிரியைத் தாண்டினால் மறுபடி எடை போடச் சொல்வேன்.