விண்ட் அண்ட் ட்ரூத், மூன்றாம் நாள் வரை: கலடின் அத்தியாயங்களை மட்டும் தனியாகப் படிக்கலாமா?

தாள்மடிப்பு எழுதியது:

வணக்கம். பிராண்டன் சாண்டர்சனின் ஸ்டார்ம்லைட் ஆர்கைவ் என்ற மிகுபுனைவு வரிசையின் ஐந்தாவது புத்தகமான இதில் மூன்றாம் நாள் முடியும் இடத்தில் நிற்கிறேன். இந்தப் பதிவில் முந்தைய நான்கு புத்தகங்களின் கதையும் இதன் முதல் மூன்று நாள் கதையும் வரும். படிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். 2024 டிசம்பரில் வந்த புத்தகம் இது. ஒரு ஸ்பாய்லரும் கண்ணில் படாமல் இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

கேள்வி இதுதான். 1,300 பக்கத்துக்கு மேல் போகிறது புத்தகம், கதையோ பத்தே நாளில் நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் ஐந்தாறு இடங்களில் நடக்கிறது. போர்வீரனாக இருந்த கலடினும் கொலையாளியாக இருந்த செத்தும் ஷினோவார் என்ற நாட்டில் போகும் அத்தியாயம் வந்தால் என் மனம் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. சற்று நேரத்தில் கதை அசிமிர் முற்றுகைக்குத் தாவும், அப்புறம் தேலன் நகரம், அப்புறம் உடைந்த சமவெளி, அப்புறம் ஆன்மிக உலகத்தில் மாட்டிக்கொண்ட, கலடின் பக்கத்துத் தலைவன் டாலினார். சுற்றிவிட்டு ஷினோவாருக்குத் திரும்பும்போது, எந்த மனநிலையில் புத்தகத்தைக் கீழே வைத்தேனோ அது போயே போய்விடுகிறது. கலடின், செத் அத்தியாயங்களை மட்டும் முதலில் படித்துவிட்டு மற்றதற்கு அப்புறம் வரலாமா? யாராவது அப்படிப் படித்திருக்கிறீர்களா?

இந்தப் பகுதிமேல் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று சொல்லிவிடுகிறேன். முதல் புத்தகத்தில் கலடின் பள்ளத்தின் விளிம்பில் போய் நிற்கும் அத்தியாயம் உங்களுக்கு நினைவிருக்கும். பாலம் தூக்கும் கூட்டத்தில் தள்ளப்பட்டு, கண்முன்னே ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்து, இனி போதும் என்று வந்து நிற்கிறான். அந்த நேரத்தில் அவனோடு திரியும் சில் என்ற குட்டிக் காற்றாவி திரும்பி வருகிறாள், ஓர் இலையைச் சிரமப்பட்டுத் தூக்கிக்கொண்டு. அது விஷ இலை. முன்பு அந்த இலைகள் கையில் இருந்தபோது அவன் முகம் தெளிந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள், அதனால் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். அது எதற்கான இலை என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவன் மறுபடி தெளிய வேண்டும், அவ்வளவுதான். என் பிரதியில் அந்தப் பக்கத்தின் மூலை மடித்து மடித்துக் கிழிந்தே போய்விட்டது.

அதே கலடின் இந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் கண் விழிக்கிறான், தான் நன்றாக இருப்பதைக் கவனிக்கிறான். பிரமாதமாக எல்லாம் இல்லை. நன்றாக இருக்கிறான். நான்கு புத்தகம் இவனோடு நடந்து வந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அவனை இப்போது அனுப்பியிருக்கும் இடத்தைப் பாருங்கள். கதை நடக்கும் ரோஷார் உலகம் முழுக்கப் பாறை. கிழக்கிலிருந்து வரும் பெரும்புயல் மண்ணைத் தங்க விடுவதில்லை, புல்கூட ஆள் அரவம் கேட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேற்குக் கோடியில் மலைகளுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் ஷினோவாரில் மட்டும்தான் மண் உண்டு, மிதித்தாலும் அசையாமல் கிடக்கும் புல் உண்டு. அங்கே கல் புனிதம், அதன்மேல் கால் வைக்கக் கூடாது. மண்ணைக் கொத்தி விளைவிக்கிறவனுக்குத்தான் உயர்ந்த இடம். ஆயுதம் எடுத்தவனுக்குக் கடைசி இடம். ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு, மனம் உடைந்தவர்களுக்குத் துணையாக இருக்கப் பழகும் ஒருவன் நடந்து போவதற்கு இதைவிடப் பொருத்தமான நாடு அந்த உலகத்தில் கிடையாது.

கூடவே செத்தின் இளவயதுக் கதை. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒருவருடைய பழைய கதை வரும் இல்லையா, இதில் செத்தின் முறை. 2010இல் வந்த முதல் புத்தகம் அவன் வெள்ளை உடையில் ஓர் அரசனைக் கொல்லப் போவதில் தொடங்கியது. இப்போது பார்த்தால் அவன் ஆடுகளுக்கு நடுவே நடனமாடித் திரிந்த பையன். குடும்பத்து நிலத்தில் ஒரு கல் தட்டுப்படுகிறது, அதை என்ன செய்வது என்று வீடே திகைத்து நிற்கிறது. நமக்கு அது வெறும் கல். அந்தக் குடும்பத்துக்கு அது இடி விழுந்த மாதிரி. அந்தக் காட்சியை இரண்டு தடவை படித்தேன்.

முன்கதையும் மிகவும் பிடித்தது. செத் கொன்ற அந்த அரசன்தான் காவிலார். அவன் கொல்லப்பட்ட அந்த ஒரே இரவை ஐந்து புத்தகங்களின் முன்கதையும் ஐந்து பேர் கண்ணால் காட்டுகின்றன: செத், ஜாஸ்னா, எஷோனாய், நவானி, கடைசியில் காவிலாரே. இறந்துபோன நல்ல அரசன் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்த ஆள், உள்ளே போய்ப் பார்த்தால் எப்படிப்பட்ட பேராசைக்காரன்!

எனக்கு நெருடுவது பேச்சு மொழி. சில உரையாடல்கள் நம் காலத்து ஆட்கள் பேசுவது போலவே இருக்கின்றன. முதல் இரண்டு புத்தகங்களில் இந்த நெருடல் எனக்கு வரவில்லை.

---

நான்காம்பாலம் எழுதியது:

நீங்கள் கேட்டதை நான் செய்து பார்த்திருக்கிறேன், ஆனால் இரண்டாம் வாசிப்பில். ஷினோவார் அத்தியாயங்களை மட்டும் வரிசையாகப் படித்தேன். ஒரு தனி நாவல் போல அழகாக ஓடியது. இருந்தாலும் முதல் வாசிப்பில் அப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் அந்தப் பத்து நாள் கெடு. டாலினாருக்கும் எதிரிக் கடவுளான ஓடியத்துக்கும் நடந்த ஒப்பந்தப்படி, கெடு முடியும்போது யார் எந்த நிலத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்களோ அது அவர்களுக்கே. அதனால்தான் அசிமிர், தேலன் நகரம், சமவெளி மூன்றும் ஒரே நேரத்தில் தாக்கப்படுகின்றன. கலடின் ஒரு பொழுது முழுக்க செத்துக்காக ஒதுக்குகிறான் என்றால், அந்தப் பொழுதில் அசிமிரில் எத்தனை பேர் விழுகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவன் பொறுமையின் கனம் புரியும். தனியாகப் படித்தால் அது வெறும் அமைதியான பயணமாகிவிடும்.

இன்னொன்று. சாண்டர்சன் சமச்சீரை மனதில் வைத்தே இந்த வரிசையைக் கட்டியிருக்கிறார். முன்னும் பின்னும் ஒரே மாதிரி வரும் கீட்டெக் என்ற கவிதை வடிவம் கதைக்குள்ளேயே இருக்கிறதே, ஐந்து புத்தகங்களின் தலைப்புகளின் முதலெழுத்துகளும் அப்படி அமைய வேண்டும் என்பதுதான் முதலில் திட்டம். அதற்காக இந்தப் புத்தகத்துக்கு ‘நைட்ஸ் ஆஃப் விண்ட் அண்ட் ட்ரூத்’ என்று பெயர் வைத்திருந்தார். பிறகு தலைப்பு சுருங்கிவிட்டது. பழைய பெயர், அத்தியாயங்களின் தலையில் மேற்கோள் காட்டப்படும் கதைக்குள் இருக்கும் நூலின் பெயராக நின்றுவிட்டது. இவ்வளவு பார்த்துப் பார்த்து அடுக்குகிற ஆள் அத்தியாய வரிசையையும் சும்மா வைத்திருக்க மாட்டார்.

முடியவே இல்லை என்றால் ஒரு வழி: ஒரு நாளின் எல்லையைத் தாண்டாதீர்கள். அந்த நாளுக்குள் முன்பின்னாகப் படித்துக்கொள்ளுங்கள், அடுத்த நாளுக்குப் போகும்முன் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

நான் மனநல சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மொழி நெருடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

வார்த்தைகள் நெருடுவது உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் கலடின் என்ன செய்கிறான் என்பதைப் பாருங்கள். செத்திடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். செத்தால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் கதையைத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் என்று புரியும். முதல் புத்தகத்தில் அவனைக் கட்டுப்படுத்தும் உறுதிக்கல் யார் கையில் இருந்ததோ அவர்கள் சொன்னதைச் செய்தான். கொல் என்றால் கொன்றான், அழுதுகொண்டே கொன்றான். பிறகு ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டான், பிறகு டாலினாரைப் பிடித்துக்கொண்டான். தனக்கென்று ஒன்றை விரும்பலாம் என்பதே அவனுக்கு மறந்துபோன விஷயம். இந்த மாதிரி ஆட்களை நான் பணியில் பார்க்கிறேன். சாப்பிடுகிறீர்களா என்றால் தலையாட்டுவார்கள், தூங்குகிறீர்களா என்றால் தலையாட்டுவார்கள், உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் முகம் அப்படியே நின்றுவிடும். அந்த முகத்தை இந்தப் புத்தகம் சரியாகப் பிடித்திருக்கிறது.

செத் இன்னொன்றும் சொல்கிறான்: எனக்கு நோய் இல்லை, நான் செய்த கொலைகளுக்கு இது நியாயமான தண்டனை. இதற்கு எளிதான பதில் கிடையாது. அவன் நிஜமாகவே கொன்றிருக்கிறான். நீ குற்றமே செய்யவில்லை என்று கலடினால் சொல்ல முடியாது, அப்படிச் சொல்லவும் இல்லை. சமைக்கிறான், பக்கத்தில் உட்காருகிறான், கேட்ட கேள்விக்கே பதில் வராவிட்டாலும் மறுபடி கேட்கிறான். முதல் புத்தகத்தில் கலடினின் தோழன் ராக் ஒரு பானை குழம்பு வைத்துத்தான் பாலக்காரர்களை நெருப்பைச் சுற்றி உட்கார வைத்தான். அங்கே கற்றதை இங்கே செய்கிறான். பெரிய கதாநாயகன் ஒருவன் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு இன்னொருவன் பேசக் காத்திருப்பதை வேறெந்த மிகுபுனைவிலும் நான் படித்ததில்லை.

---

பனிக்கல் எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து. மூன்றாம் நாள் வரும்போதே நான் களைத்துவிட்டேன். ஆன்மிக உலகப் பகுதி பழைய வரலாற்றைச் சொல்வதற்காகவே இழுக்கப்பட்டது போலப் பட்டது. 2014இல் வந்த இரண்டாவது புத்தகத்தில் கலடினும் ஷல்லானும் பள்ளத்தில் மாட்டிக்கொண்ட சில அத்தியாயங்கள் செய்த வேலையை, இதில் பத்து மடங்கு பக்கங்கள் செய்யவில்லை. நன்றாகச் சுருக்கியிருக்கலாம்.

ஆனால் அசிமிரைத் தள்ளிவைத்துவிடாதீர்கள். டாலினாரின் மகன் அடோலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு விளையாடக் கற்கும் இளம் பேரரசன் யானகான் யார் என்று நினைவிருக்கிறதா? இரண்டாவது புத்தகத்தின் ஓர் இடைக்கதையில் லிஃப்ட் என்ற திருட்டுச் சிறுமியோடு அரண்மனைக்குத் திருட வந்த பையன் காக்ஸ். இறந்து, அவளால் உயிர்பெற்று, அந்த அற்புதத்தாலேயே அரியணையில் உட்கார வைக்கப்பட்டவன். பத்து ஆண்டு கழித்து அந்தச் சின்ன இடைக்கதைக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார். போர் என்றால் என்ன என்று அடோலின் அவனுக்குச் சீட்டை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் விதம் எனக்கு ஷினோவாரைவிடப் பிடித்தது.

---

புதுவாசகன் எழுதியது:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கவும். செத்திடம் இருக்கும் அந்தப் பேசும் கறுப்புக் கத்தி எங்கிருந்து வந்தது? எதையாவது விட்டுவிட்டேனா?

---

நான்காம்பாலம் எழுதியது:

@புதுவாசகன் அது 2009இல் வந்த வார்பிரேக்கர் என்ற தனி நாவலிலிருந்து வந்தது. சாண்டர்சனின் சொந்த இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படிக்காமலும் இது புரியும், படித்தால் அந்தக் கத்தியின் குழந்தைத்தனத்துக்குப் பின்னால் இருக்கும் பயங்கரம் இன்னும் உறைக்கும்.

---

காதுவழி எழுதியது:

நான் ஒலிப்புத்தகமாகக் கேட்டேன், 60 மணி நேரத்துக்கு மேல். அதில் அத்தியாயம் பொறுக்குவது கடினம், வந்த வரிசையில் கேட்க வேண்டியதுதான். ஆனால் ஆண் பாத்திரங்களின் பார்வையை மைக்கேல் கிராமரும் பெண் பாத்திரங்களின் பார்வையை கேட் ரீடிங்கும் வாசிப்பதால், குரல் மாறியதுமே மனம் தானாக அடுத்த இடத்துக்குத் திரும்பிவிடும். தாவல் எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை. அச்சில் படிக்கிறவர்கள் அத்தியாயத் தலைப்புக்கு மேலே இருக்கும் வளைவுச் சித்திரத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். யார் பக்கம் போகிறோம் என்று அதுவே சொல்லிவிடும்.

---

தாள்மடிப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. யானகான்தான் அந்தத் திருட்டுப் பையன் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. பனிக்கல் சொன்ன பிறகு இரண்டாவது புத்தகத்தை எடுத்து அந்த இடைக்கதையைப் படித்தேன். ஜன்னல் வழியாகப் பதுங்கிப் பதுங்கி அரண்மனைக்குள் நுழையும் அதே பிள்ளை, இப்போது அந்த நகரத்தை விட்டுப் போக மாட்டேன் என்று நிற்கிறான்.

இரவுப்பணி, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். நெருடல் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த முகம் அப்படியே நிற்கும் என்று சொன்னீர்களே, அதற்காகவே செத் வரும் இடங்களை மறுபடி மெதுவாகப் படிக்கப் போகிறேன்.

நேற்று நான்காம் நாளை வரிசை மாற்றாமல் தொடங்கினேன். நான்காம்பாலம் சொன்ன கணக்கை மனதில் வைத்துக்கொண்டு படித்தபோது அசிமிரின் கூச்சல் என்னோடே ஷினோவாருக்கு வந்தது. அங்கே ஆள் அரவமே இல்லை. புல்லில் இரண்டு பேர் நடந்து போகிறார்கள், ஒருவன் கேட்கிறான், இன்னொருவன் பதில் சொல்லாமல் நடக்கிறான். முன்பு எனக்கு நிம்மதியாக இருந்த அதே அமைதி இந்த முறை மூச்சை முட்டியது.

சரி, ஐந்தாம் நாள் முடிந்ததும் இதே இடத்தில் எழுதுகிறேன். அதுவரை ஸ்பாய்லர் வேண்டாம், தயவுசெய்து.