வில்லுப்பாட்டு புரோகிராம்: விண்டோஸில் பாடுகிறது, லினக்ஸில் மீடியா கண்ட்ரோலே இல்லை என்கிறது

சுசீந்திரம்பக்கம்:
வணக்கம். கோயில் கொடைகளில் அப்பா 1990-களில் பதிந்து வைத்த வில்லுப்பாட்டு கேசட்டுகள் வீட்டில் 37 இருக்கின்றன. எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கிவிட்டேன். இடப்பக்கம் பாட்டு வரிகள். ஒரு வரியைத் தட்டினால் அந்த இடத்திலிருந்து ஒலி கேட்க வேண்டும். இதற்காக டபிள்யுஎக்ஸ்விட்ஜெட்ஸில் (ஜன்னல், பொத்தான் போன்றவற்றை உருவாக்கித் தரும் சி++ லைப்ரரி) ஒரு புரோகிராம் எழுதினேன். என் விண்டோஸ் லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது. ஆனால் வைக்கப்போவது ஊர் வாசகசாலையில், அங்கே இருப்பது டெபியன் 12 என்ற லினக்ஸ். பெரியவர்கள் சுடலைமாடன் கதை கேட்கக் காத்திருக்கிறார்கள்.

டெபியனில் டபிள்யுஎக்ஸ்விட்ஜெட்ஸ் 3.2 பதிப்பின் மூல நிரலை இறக்கி, அதைக் கட்டும் கட்டளைகளை வெறும் கன்ஃபிகர், மேக் என்று கொடுத்தேன். பிழையின்றி முடிந்தது. என் புரோகிராமை கம்பைல் செய்தால் ஒலியை ஓடவைக்கும் பகுதியான ‘டபிள்யுஎக்ஸ் மீடியா கண்ட்ரோல்’ அறிவிக்கப்படவில்லை என்கிறது. இன்க்ளூட் அடைவில் எம்எஸ்டபிள்யு என்பதற்குள் இருக்கும் செட்டப்.எச்-ஐ (எந்த வசதி உண்டு, இல்லை என்று 1, 0 ஆகக் குறிக்கும் கோப்பு) திறந்து பார்த்தேன், மீடியா கண்ட்ரோல் 1 என்றே இருக்கிறது. மூன்று நாளாக இதே கதை. எங்கே தவறு?

மார்த்தாண்டம்_சிபிபி:
தம்பி, நீங்கள் திறந்து பார்த்தது விண்டோஸுக்கான செட்டப்.எச். லினக்ஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இங்கே கன்ஃபிகர் ஓடும்போது, கணினியில் என்னென்ன இருக்கிறது என்று தேடி, அதற்கேற்பத் தனியாக ஒரு செட்டப்.எச் எழுதுகிறது. பில்ட் அடைவில் லிப், டபிள்யுஎக்ஸ், இன்க்ளூட் என்று உள்ளே போனால், ஜிடிகே3 என்று தொடங்கும் பெயருள்ள அடைவுக்குள் அது கிடைக்கும். அதில் மீடியா 0 என்றுதான் இருக்கும், பாருங்கள்.

காரணம் ஜிஸ்ட்ரீமர் என்ற ஒலி, ஒளி இயக்கும் மென்பொருள். லினக்ஸில் மீடியா கண்ட்ரோல் அதன் மேல்தான் ஓடுகிறது. அதன் டெவலப்மென்ட் பொதி (அதை வைத்துப் புரோகிராம் கட்டத் தேவையான கோப்புகள், சுருக்கமாக ‘டெவ்’) இல்லையென்றால், கன்ஃபிகர் ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிட்டு அந்த வசதியை விட்டுவிடும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடுகிற திரையில் அந்த ஒரு வரி யார் கண்ணில் படும்? அதனால் தேவையான வசதியை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கன்ஃபிகரோடு ‘எனேபிள் மீடியாசிடிஆர்எல்’ என்று கொடுத்தால், ஜிஸ்ட்ரீமர் கிடைக்காதபோது மேலே போகாமல் அங்கேயே நிற்கும். நிற்பதே நல்லது.

0-வைக் கையால் 1 ஆக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கட்டிய லைப்ரரிக்குள் அந்தப் பகுதியே இல்லை. ஹெடர் ஒன்று சொல்ல, லைப்ரரி வேறொன்றாக இருக்க, புரோகிராம் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதை மாற்றினாலும் லைப்ரரியை முதலிலிருந்து கட்டுங்கள், அதுவும் புது பில்ட் அடைவில்.

குளச்சல்கரை:
டெபியன் 12 என்றால் மூலத்திலிருந்து கட்ட வேண்டிய தேவையே இல்லையே. 3.2-ஐ டெபியனே பொதியாகத் தருகிறது. மீடியா பகுதியை மட்டும் தனிப் பொதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், பெயரில் ‘மீடியா’ என்று வரும். டெவ் பொதிகள் இரண்டையும் போடுங்கள். அப்புறம் நீங்கள் கட்டிய பழையதை முதலில் நீக்கிவிடுங்கள். எந்த லைப்ரரிகளைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் டபிள்யுஎக்ஸ்-கன்ஃபிக் கட்டளை இரண்டு இடத்தில் இருந்தால் எது முதலில் மாட்டும் என்பது கணினி கட்டளைகளைத் தேடும் பாதையைப் பொறுத்தது.

சுசீந்திரம்பக்கம்:
அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. பழையதை நீக்கிவிட்டுப் பொதி வழியில் போனேன். கம்பைல் சரியாகிவிட்டது, ஆனால் லிங்க் செய்யும்போது (லைப்ரரியோடு இணைக்கும்போது) ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ வரிசையாகக் கொட்டுகிறது.

மார்த்தாண்டம்_சிபிபி:
டபிள்யுஎக்ஸ்-கன்ஃபிக்கிடம் வெறும் ‘லிப்ஸ்’ என்று கேட்டால் அது தரும் பட்டியலில் மீடியா இருக்காது. ‘லிப்ஸ்’ என்பதை அடுத்து ‘எஸ்டிடி,மீடியா’ என்று காற்புள்ளி போட்டுச் சேர்த்துக் கேளுங்கள்.

சுசீந்திரம்பக்கம்:
பாடிவிட்டது அண்ணா! நேற்று சாயங்காலம் வாசகசாலையில் முதல் கேசட்டைப் போட்டேன். வீசுகோல் நாணில் விழுந்த ஓசை கேட்டதும் வாசலில் நின்ற தாத்தா ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு குறை: சில கோப்புகளில் வரியைத் தட்டினால் இரண்டு மூன்று விநாடி தள்ளிப் போய் நிற்கிறது. அந்தக் கோப்புகளை மாறும் பிட்ரேட்டில் சேமித்திருந்தேன். அதனால்தானோ என்று சந்தேகம், நாளை அவற்றைச் சுருக்காத வேவ் கோப்புகளாக்கிப் பார்க்கிறேன்.