புதுப்பிப்பு: அப்பாவின் உள்ளங்காலில் இருந்த கரும்புள்ளி

அப்பாவின் உள்ளங்காலில் பெரிதாகிக்கொண்டே வந்த கரும்புள்ளியை யாரிடம் காட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். தோல் மருத்துவரிடம் போகச் சொன்னீர்கள். போனோம்.

டெர்மடோஸ்கோப் என்ற விளக்கு வைத்த உருப்பெருக்கியால் பார்த்தார், எங்களுக்கும் காட்டினார். உள்ளங்காலில் கைரேகை போல மேடும் பள்ளமுமாகக் கோடுகள் உண்டல்லவா? நிறம் பள்ளத்தில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் ஓடினால் மெலனோமா என்ற தோல் புற்றுநோயோ என்று சந்தேகம். அப்பாவுக்கு மேட்டில்தான். வலியோ அரிப்போ இல்லை, அதுதான் இதில் ஆபத்து.

திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் மெலனோமா உறுதியானது, ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் ஆழத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். பிரெஸ்லோ என்ற மருத்துவர் 1970-இல் முன்வைத்த அளவு அது. நோய் பரவியிருக்கிறதா என்று நிணநீர்க் கணுவைச் சோதிப்பதா என்பதை முடிவு செய்ய அது முக்கியம்.

புற்றுநோய் அறுவை மருத்துவர் சுற்றியிருந்த நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுத்தார். ஓரங்களில் நோய் இல்லை, கீமோ வேண்டாம் என்றார். தோல் ஒட்டு வைத்த இடம் ஆறி வருகிறது. செருப்பு எப்போது போடலாம் என்பதுதான் அப்பாவின் இப்போதைய கவலை.

அப்புறம், லேசரில் சுடலாமா என்று கேட்டவருக்கு: சந்தேகமான புள்ளியைச் சுடவே கூடாதாம், பரிசோதிக்கத் திசு மிஞ்சாது.