புதுப்பிப்பு: துத்தநாக நைட்ரேட் படிகம் துளியாக உருகிய சிக்கல் தீர்ந்தது

வண்ணாரப்பேட்டை ஆய்வகத்தில் துத்தநாக நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் (ஆறு படிகநீர் கொண்டது) படிகத்தை கரைசலிலிருந்து வெளியே எடுத்ததுமே காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடுகிறது, அணு அமைப்பைக் காண எக்ஸ்ரே எடுக்க முடியவில்லை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, படிகத்தை எண்ணெயில் மூடி வைக்கும் யோசனைதான். ஏசியை 22 டிகிரியில் வைத்து, படிகத்தை அது விளைந்த தாய்க்கரைசலோடு நேரே பாரடோன் எண்ணெய்த் (காற்றுப் படாமல் மூடும் கெட்டியான எண்ணெய்) துளியில் இறக்கி, அதற்குள்ளேயே வெட்டி, படிகத்தைத் தாங்கும் சிறு வளையத்தில் ஏற்றி, 100 கெல்வின் (சுமார் -173 டிகிரி) குளிர் நைட்ரஜன் வாயு ஓட்டத்தில் வைத்தேன். வடிதாளில் ஒற்றாதீர்கள், அந்த இடைவெளியில்தான் ஈரத்தை இழுக்கிறது. புது சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர் (ஈரம் நீக்கும் மூடிய கலம்) வேறு தொல்லை: படிகநீர் போய் முகங்கள் வெளுத்துவிட்டன.

எதிர்பாராதது ஒன்று. மே மாதம் 38 டிகிரியில் விளைந்த படிகங்களின் அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு பெட்டி) ஹெக்சாவுடையதோடு பொருந்தவே இல்லை. அவை நான்கு படிகநீர் கொண்ட டெட்ராஹைட்ரேட்! ஹெக்சா சுமார் 36 டிகிரியிலேயே தன் நீரில் உருகிவிடும். 25 டிகிரிக்குக் கீழே வளர்த்த ஹெக்சாவில் துத்தநாகத்தைச் சுற்றி ஆறு நீர், நைட்ரேட்டுகள் வெளியே ஹைட்ரஜன் பிணைப்பில்.